பவுடர் இன்ஹேலரிலிருந்து ஸ்ப்ரேக்கு மாறியதும் அம்மாவுக்கு இளைப்பு அடங்கவில்லை, என்ன செய்யலாம்?

நொய்யல்கரை:
வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, பல வருடமாக ஆஸ்துமா. கேப்சூல் போட்டு இழுக்கும் பவுடர் இன்ஹேலர்தான் பழக்கம். இப்போது டாக்டர் அமுக்கி அடிக்கும் ஸ்ப்ரே இரண்டு எழுதியிருக்கிறார். நீலநிற சால்பியூட்டமால், மூச்சுத் திணறும்போது மட்டும். பியூடெசோனைடு, காலை இரவு. நீலத்தை அடித்தால் தொண்டை கசக்கிறது, இருமல் வருகிறது, இளைப்பு குறையவில்லை. மற்றதை அடித்தால் ஒன்றுமே தெரியவில்லை என்று நிறுத்திவிட்டார். மருந்துக்கு வீரியம் போதவில்லையா? மாத்திரையாகவே கேட்டு வாங்கலாமா?

மழைத்துளி:
அம்மா எப்படி இழுக்கிறார்? பழைய பவுடரை இழுத்த மாதிரி வெடுக்கென்றா? ஸ்பேசர், அதாவது ஸ்ப்ரேக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் கூடு, இருக்கிறதா?

நொய்யல்கரை:
ஆமாம், வெடுக்கென்றுதான் இழுக்கிறார். ஸ்பேசர் எதுவும் தரவில்லை.

வேம்பு:
பியூடெசோனைடு ஒரு ஸ்டீராய்டு, பழக்கமாகிவிடும், நிறுத்தியதே நல்லது. மாத்திரை போதும்.

சுவாசப்பிரிவு_செவிலியர்:
வேம்பு, தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுக்கு யாரும் அடிமையாவதில்லை. அதை நிறுத்திவிட்டு நீலத்தை மட்டும் நம்பி இருந்தவர்கள் மோசமான நிலையில் வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன்.

சகோதரி, கோளாறு மருந்தில் இல்லை, இழுக்கும் விதத்தில் இருக்கிறது என்றே தோன்றுகிறது. பவுடரை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். அந்த இழுப்புதான் பொடியை நுண்துகளாகப் பிரிக்கிறது. ஸ்ப்ரே அப்படியே தலைகீழ். மருந்து தானாகவே வேகமாகப் பாய்ந்து வரும், நாமும் வேகமாக இழுத்தால் வளைவில் திரும்ப முடியாமல் தொண்டையில் போய் மோதி ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்குக் கசப்பது அதுதான். சுமார் 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துகள்தான் மூச்சுக் கிளைக்குழாய்கள் வரை போகும், அதுவும் நிதானமாக இழுத்தால்.

நீலம் குழாயைச் சுற்றி இறுகியிருக்கும் தசையைத் தளர்த்துகிறது. சில நிமிடத்தில் தெரியும், 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். பியூடெசோனைடு குழாயின் உட்சுவர் வீக்கத்தைக் குறைக்கிறது. அடித்ததும் எதுவும் தெரியாது, நாள்கணக்கில், வாரக்கணக்கில்தான் பலன். அதனால்தான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

மாத்திரை பற்றி: சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். ஸ்ப்ரே ஒரு அடி 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரையில் நாற்பது அடி மருந்து வயிறு வழியாக ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். படபடப்பு, கை நடுக்கம் எல்லாம் அதில்தான் அதிகம்.

ஒரு ஸ்பேசர் வாங்குங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரே ஒரு அடி அடித்து மெதுவாக ஆழமாக இழுத்து, 10 விநாடி அடக்கச் சொல்லுங்கள். அடக்க முடியாவிட்டால் ஸ்பேசரிலேயே ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விட்டாலும் சரி. அடுத்த அடிக்கு அரை நிமிடமாவது இடைவெளி வேண்டும். பியூடெசோனைடு முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வரலாம். அதை நிறுத்தியதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீலம் அடித்தும் அடங்காமல், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் போனாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ, பதில் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நொய்யல்கரை:
ஸ்பேசர் வாங்கிவிட்டோம். நீலம் இப்போது கேட்கிறது, இருமலும் இல்லை. டாக்டரும் பியூடெசோனைடை மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டார். மிக்க நன்றி அக்கா. ஸ்பேசரைத் துணியால் துடைத்து வைக்கலாமா?

சுவாசப்பிரிவு_செவிலியர்:
வேண்டாம். பிளாஸ்டிக்கைத் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டும். சோப்புத் தண்ணீரில் அலசி, தானாகக் காய விடுங்கள்.