மாடி லேப்டாப்பில் இருந்து பிரிண்ட் போகவில்லை, உதவுங்கள்

நண்பர்களே, வீடு நங்கநல்லூரில். கீழே ஹாலில் இருக்கும் விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் லேசர் பிரிண்டரை யூ.எஸ்.பி.யில் இணைத்து ஷேர் செய்திருக்கிறேன். கீழே மற்ற லேப்டாப்பில் இருந்து நன்றாகவே பிரிண்ட் வருகிறது. மாடியில் என் மகளின் லேப்டாப்பில் மட்டும் அந்தப் பிரிண்டர் பட்டியலிலேயே தெரிவதில்லை. நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக மாற்றியாகிவிட்டது, பிரிண்ட் வேலைகளை வரிசையில் அனுப்பும் ஸ்பூலரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டும் பார்த்தாயிற்று.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மாடியில் சிக்னல் வராததால் இன்னொரு ரௌட்டர் போட்டோம், தொல்லை அதன் பிறகுதான். கீழே இருப்பவை 192.168.1.7, 192.168.1.9 என்று ஐ.பி. (நெட்வொர்க் முகவரி) காட்டுகின்றன. மாடி லேப்டாப்போ 192.168.0.4. அப்படியானால் இரண்டாவது ரௌட்டர் தனி நெட்வொர்க் நடத்துகிறது, அதனால்தான் கம்ப்யூட்டரைப் பெயரால் தேடுவது கீழே வரை எட்டவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, அந்த ரௌட்டரின் டி.எச்.சி.பி.யை (ஐ.பி.யைத் தானாக வழங்கும் வசதி) அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை வான் (WAN, வெளி இணைப்பு) போர்ட்டில் இருந்து லான் (LAN, வீட்டு இணைப்பு) போர்ட்டுக்கு மாற்றினால் போதுமா? ரௌட்டரின் ஐ.பி.யையும் 192.168.1 வரிசைக்குக் கொண்டுவர வேண்டுமா? அப்புறம், ஹால் கம்ப்யூட்டருக்கு நிலையான ஐ.பி. கொடுப்பது அவசியமா? மகளுக்குப் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அச்செடுக்க வேண்டும், இப்படி மாற்றிப் பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.