நீர்நாயும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை

சிந்துபூந்துறைக்காரன்:

2021 கடைசியில் என் மகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது, பெங்களூரில் வளர்த்த நாயை எங்களிடம் விட்டுப் போனாள். “மூணு மாசம்தான்ப்பா” என்றாள். அந்த மூணு மாசம் இன்னும் முடியவில்லை. பெயர் பஞ்சு. ஸ்டாண்டர்ட் பூடில். கைப்பையில் போட்டுத் தூக்கிப் போகிற குட்டி ரகம் இல்லை. நின்றால் என் முட்டிக்கு மேலே வரும், எடை 22 கிலோ. உடம்பு முழுக்க வெள்ளைச் சுருள்முடி.

முதல் நாள் ஜங்ஷன் பக்கம் நடத்திக் கூட்டிப் போனபோதே டீக்கடை அண்ணாச்சி கேட்டுவிட்டார். “என்னவே, எந்தக் கோயில் கொடைக்கு நேர்ந்து விட்ட குட்டி இது?”

“ஆடு இல்ல அண்ணாச்சி, நாயி. தண்ணியில நீந்திப் போய் வேட்டையாடுற சாதி.”

“அப்போ நீர்நாயா? அது பாபநாசத்துக்கு மேலல்லா கெடக்கும்?”

அவர் சொன்னதும் தப்பில்லை. நீர்நாய் என்றால் நமக்கு ஆற்றில் மீன் பிடிக்கிற அந்த வழுவழுப்பான பிராணிதான். கடைசியில் தெருவே சேர்ந்து ‘சுருட்டை நாய்’ என்று பெயர் வைத்துவிட்டது.

பூடில் என்ற பெயரே தண்ணீரில் தளபுளவென்று அடிப்பதைச் சொல்லும் ஜெர்மன் சொல்லில் இருந்து வந்ததாம். சுட்டு விழுந்த வாத்தை நீந்திப் போய் எடுத்து வரப் பழக்கிய இனம். படங்களில் இடுப்பை மழித்து, கால் மூட்டுகளில் மட்டும் பந்து பந்தாக முடி விட்டிருப்பார்களே, அதுவும் முதலில் சோக்குக்காக வந்ததில்லை. நீந்த இலகுவாக மழித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் நெஞ்சும் மூட்டும் விறைக்காமல் இருக்க அங்கே மட்டும் விட்டு வைத்தது. தாமிரபரணியில் விறைக்க என்ன இருக்கிறது? பஞ்சுவுக்கு எல்லா இடமும் ஒரே அளவுதான்.

படித்துறைக்கு முதல் தடவை கூட்டிப் போனபோது நான் செருப்பைக் கழற்றுவதற்குள் குதித்துவிட்டது. துவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சியின் சோப்புப் பெட்டி நழுவிப் போக, பின்னாலேயே நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தது. “சவத்த மூதி, பெட்டியெல்லாம் பல்லு பட்டுட்டு” என்று திட்டினாலும் மறுநாள் அதற்கு வெறும் இட்லி கொண்டுவந்திருந்தார். பாபநாசம் போனபோதுதான் மானம் போயிற்று. பரிகாரம் என்று ஆற்றில் விட்ட வேட்டி சேலைகளை ஒவ்வொன்றாகக் கரை சேர்த்துவிட்டது. விட்டவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சரி, நீச்சல் அதன் பாடு. காயவைப்பது நம் பாடு. நான் எழுத வந்தது அதைத்தான்.

‘முடி கொட்டாத நாய்’ என்று சொல்லித்தான் இந்த இனத்தை விற்கிறார்கள். பாதி உண்மை. முடி உதிரத்தான் செய்கிறது. தரையில் விழாமல் பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொள்கிறது. நாம் எடுக்காவிட்டால் அங்கேயே கிடந்து சிக்காகி, சிக்கு சடையாகி, தோலோடு ஒட்டிக் கம்பளித் துண்டு மாதிரி ஆகிவிடும். காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப் பட்டை உரசும் இடம், பின்தொடை இடுக்கு, இந்த நாலும்தான் முதலில் பிடிக்கும். நான் ஆறு மாதம் மேலோட்டமாகப் பிரஷ் போட்டுவிட்டுப் பஞ்சு மிட்டாய் மாதிரி நிற்கிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

அதைக் கண்டுபிடித்தது என் அம்மா. எண்பது வயது. திண்ணையில் அதைத் தன் மடியோடு சாய்த்து, பேத்திக்குப் பேன் பார்த்த கை என்பதால், வகிடு எடுத்து வகிடு எடுத்து அடித்தோல் வரை பார்த்தார். “ஏய்யா, உள்ள நாயுருவி மொளைக்கப் போகுது பாரு” என்றார். ஆற்றங்கரைப் புதரில் ஒட்டிய நாயுருவி விதைகள் இருபது முப்பது, சடைக்குள் ஊசி மாதிரி நின்றன. அன்றிலிருந்து அந்த முறைதான். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, கீழிருந்து ஒவ்வொரு வரிசையாக இறக்கி, முதலில் பிரஷ், அப்புறம் ஸ்டீல் சீப்பு. சீப்பு தோலைத் தொட்டுத் தடங்கலில்லாமல் வெளியே வந்தால்தான் அந்த இடம் முடிந்தது என்று கணக்கு. குளிப்பாட்டுவதற்கு முன்னாலேயே சிக்கு எடுத்துவிட வேண்டும். நனைந்த சிக்கு இறுகிவிடும். (சிக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் யோசனையும் அம்மாவுடையதுதான். ஒரே நாளில் தெருப்புழுதி மொத்தமும் அதன் மேல் வந்துவிட்டது. அந்தக் கதையை அவர் ஒப்புக்கொள்வதில்லை.)

காது இன்னொரு தொல்லை. தொங்கும் காது, உள்ளேயும் முடி, போதாதற்கு ஆற்றுத் தண்ணீர். ஒரு ஆடி மாதம் தலையை உதறிக்கொண்டே இருந்தது. காதை மடக்கி மோந்து பார்த்தால் புளித்துப்போன தோசை மாவு வாசனை. பூஞ்சைத் தொற்று. இப்போது நீந்தி வந்ததும் காதைப் புரட்டி வைத்து, டாக்டர் எழுதிக் கொடுத்த காது கழுவும் மருந்தை விட்டு, விரலில் சுற்றிய பஞ்சால் எட்டிய வரைக்கும் துடைக்கிறேன். பட்ஸ் உள்ளே விடுவதில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. சாமான்களைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். படியில் தண்ணீர் ஏற ஏற, பஞ்சு மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது, அதற்குத் திருவிழா. சாக்கடையும் எலியும் கலந்த தண்ணீர், எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மனுஷனுக்கும் வரும் என்று சங்கிலியைத் தண்ணீர்க் குழாயில் கட்டினேன். அதற்குள் ஒருமுறை குதித்து முங்கிவிட்டது. கரண்ட் இல்லை, டிரையர் இல்லை, காய்ந்த துண்டும் இல்லை. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது, வயிற்றுக்கடியில் நாலு நாள் ஈரம் அப்படியே நின்றது. ஐந்தாம் நாள் நாற்றம் வந்து விலக்கிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து நீர் வடிந்தது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். சடையை எல்லாம் மழித்து, மருந்து போட்டு, கழுத்தில் புனல் மாதிரி ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். திருச்செந்தூர் போய் மொட்டை போட்டு வந்த பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்தது. மழித்த முடியைத் தலையணை ஒன்றுக்கு அடைக்கலாம்.

இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறை நானே டிரிம்மரால் வெட்டுகிறேன். சித்திரை வெயிலில் மொத்தமாக மழிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். வெள்ளைத் தோல் வெயிலில் வெந்துவிடும். ஒரு அங்குலம் விட்டு வையுங்கள்.

உங்கள் வீட்டுச் சுருட்டைகளின் கதையையும் எழுதுங்கள்.

வயக்காட்டுக்காரன், அம்பை:

அண்ணாச்சி, நீங்கள் உண்ணியை விட்டுவிட்டீர்கள். எங்களது காக்கர் ஸ்பேனியலும் பூடிலும் கலந்த நாய். பிசான நெல் நடவு சமயத்தில் நாள் முழுக்க கன்னடியன் கால்வாயிலும் வரப்பிலுமாகக் கிடக்கும். நாட்டு நாய் மேல் உண்ணி ஏறினால் பத்தடி தூரத்தில் இருந்தே தெரியும். இந்தச் சுருளுக்குள் குடும்பமே நடத்தினாலும் தெரியாது. ஒருநாள் சோற்றைத் தொடவில்லை, மறுநாள் மூக்கில் ரத்தம். ஈறு வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்துவிட்டது. ரத்தம் சோதித்துப் பார்த்து உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். டாக்ஸிசைக்ளின் 28 நாள். மூன்றாம் நாளே துள்ள ஆரம்பித்ததும் எங்க ஐயா “போதும்ல, நிப்பாட்டு” என்றார். நிப்பாட்டவில்லை, முழுசாகக் கொடுத்தோம்.

இப்போது தினமும் சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு விரலால்தான் தேடுகிறேன். விரலிடுக்கு, காது மடிப்பு, வாலடி. கண்ணைவிட விரல் நுனிக்குத்தான் நன்றாகத் தெரிகிறது. மண்ணெண்ணெய் வைக்கிற வேலை வேண்டாம், தோல் வெந்துவிடும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

சிப்பிப்பாறை அபிமானி:

நான் என் சிப்பிப்பாறை நாயை மாசம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பேன். அவ்வளவுதான் பராமரிப்பு. இந்த மண்ணுக்கு ஏற்ற முடி அதுக்குத்தான் என்பது என் கட்சி.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது பூங்காவில் இதே மாதிரி கறுப்புச் சுருட்டை ஒன்றைப் பார்த்தேன். பூடிலா என்றதற்கு அந்தம்மா கோபித்துக்கொண்டாள். போர்ச்சுக்கீசிய தண்ணீர் நாயாம். ஒபாமா வீட்டுக்கு 2009-இல் வந்த ‘போ’ இந்த இனம்தான். முன்காலத்தில் போர்ச்சுக்கல் மீனவர்கள் கூடவே படகில் கொண்டுபோவார்களாம். மீனை வலைக்குள் விரட்டும், அறுந்துபோன வலையை இழுத்து வரும், ஒரு படகில் இருந்து இன்னொரு படகுக்குச் சேதி கொண்டுபோகும். விரல்களுக்கு நடுவில் சவ்வு இருக்கிறது, பாதத்தை விரித்துக் காட்டினாள். 1930-களில் அநேகமாக அழிந்தே போயிருக்கும், வாஸ்கோ பென்சவூதே என்ற கப்பல் முதலாளி தேடிப் பிடித்து வளர்த்ததால் தப்பியது. நம் சிப்பிப்பாறைக்கும் அப்படி ஒரு முதலாளி கிடைத்தால் நல்லது.

என் நாய்க்குத் தண்ணீர் ஆகாது. குற்றாலச் சாரலுக்கே திண்ணையை விட்டு இறங்காது.

பாளை வாசகி:

நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறோம். பையனுக்கு ஏழு வயது, இழுப்பு உண்டு. முடி கொட்டாத நாய் என்பதால் பூடில் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். வாங்கலாமா?

சிந்துபூந்துறைக்காரன்:

தாயி, அலர்ஜி முடியால் மட்டும் வருவதில்லை. தோல் பொடுகிலும் எச்சிலிலும் இருக்கிற புரதம்தான் காரணம். அது எல்லா நாய்க்கும் உண்டு. சில பிள்ளைகளுக்கு இந்த இனம் ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பையனின் டாக்டரைக் கேட்டுவிட்டு, நாலைந்து தடவை இந்த மாதிரி நாயோடு இருக்க வைத்துப் பாருங்கள். அப்புறம் தினமும் இருபது நிமிஷம் சீப்போடு உட்கார வீட்டில் யாராவது வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார், உங்கள் வீட்டில் யார் என்று யோசியுங்கள். பகல் முழுக்கத் தனியாக விட்டாலும் தாங்காது. புத்தி ஜாஸ்தி, கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குறுக்குத்துறைக்குப் பையனைக் கூட்டி வாருங்கள். ஏழு மணிக்கு நாங்கள் அங்கேதான் இருப்போம். மாற்றுத்துணி எடுத்து வாருங்கள். கரையேறியதும் ஆள் பார்த்துத்தான் பக்கத்தில் வந்து உதறும்.