தேமுதிக ஏஜெண்டாக உட்கார்ந்த மூன்று தேர்தல்கள்

நான் கட்சியில் பெரிய ஆள் இல்லை. சேலத்தில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் 2006, 2011, 2016 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் ஏஜெண்டாக இருந்தவன், அவ்வளவுதான்.

2006இல் கட்சி பிறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தனித்துப் போட்டி. பெரிய கட்சி ஏஜெண்டுகள் ஆள் உள்ளே நுழையும்போதே வாக்காளர் பட்டியலில் எத்தனையாவது பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். நான் விரல் வைத்துத் தேடுவேன். ஆனால் என்னை மாற்றிவிட மணிக்கு ஒருவர் வந்துகொண்டே இருந்தார். எல்லோரும் விஜயகாந்த் ரசிகர் மன்றத்துப் பையன்கள், யாருக்கும் கூலி கிடையாது. மதியம் ஒருவனுக்கு ஆறு புளிச்சோற்றுப் பொட்டலங்கள்! ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றுதான். மாநிலம் முழுக்க 8 சதவீதத்துக்கும் மேல் வாக்கு. தோற்ற தெருவில் பட்டாசு வெடித்தவர்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

2011இல் அதிமுகவோடு கூட்டணி. போன தடவை முறைத்த அதிமுக ஏஜெண்டே இந்த முறை "வா தம்பி" என்று பக்கத்தில் நாற்காலி போட்டார். 41 இடங்களில் நின்று 29இல் வென்றோம், திமுகவுக்கு 23. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். சேலம் வடக்கும் மேட்டூரும் எங்கள் முரசு சின்னத்துக்கு விழுந்தன. ஆனால் என் கணக்கில் சரிவு தொடங்கியதும் அன்றுதான். எங்கள் தெரு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இரண்டு கழகமும் வேண்டாம் என்று எங்களுக்குப் போட்டவர். பள்ளி வாசலில் என்னைப் பார்த்து, "நீங்களுமா?" என்றார். நான் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த ஆண்டே சட்டமன்றத்தில் மோதல், பிறகு எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

2016இல் திமுகவும் அதிமுகவும் இல்லாத மக்கள் நலக் கூட்டணி. 104 இடங்களில் நின்று ஒன்றுகூட இல்லை. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவனை மாற்ற மாலை ஆறு வரை யாரும் வரவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் திமுக ஏஜெண்டிடம், "அண்ணா, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவரும் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டார். மேட்டூரில் முரசில் ஜெயித்த பார்த்திபன் அந்தத் தேர்தலிலேயே உதயசூரியனில் நின்றார். 2019இல் அதே சின்னத்தில் சேலம் எம்.பி. ஆனார்.

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஏற்காட்டிலிருந்து இன்னொருவர் எழுதியது:

மேலே எழுதிய அண்ணன் இடையில் 2013ஐ விட்டுவிட்டார். டிசம்பரில் எங்கள் தொகுதி இடைத்தேர்தல்; தேமுதிக போட்டியிடவில்லை. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் வேலையில் இருந்த என் அத்தை அரை நாள் கூலியை விட்டுவிட்டு வாக்களிக்கப் போனார். இயந்திரத்தில் முரசைத் தேடியிருக்கிறார். கடைசியில் நோட்டா பொத்தான் இருந்தது, தமிழ்நாட்டுக்கே அது புதிது. எதை அழுத்தினீர்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அத்தை சிரிப்பாரே தவிரச் சொல்ல மாட்டார்.