மறு: ‘இமேஜ் ப்ராக்ஸி’ தமிழில்? (திங்களுக்குள் வேண்டும்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாகச் சொல்லுக்குச் சண்டை போடுகிறோம், பொருளைப் பாதிப் பேர் பார்க்கவே இல்லை. ஓசூர் தம்பிகள் கட்டுவது செயலி எழுதுகிறவர்களுக்கான படத்தேடல் சேவை. ஒரு பிள்ளை செயலியில் ‘கேழ்வரகு’ என்று தேடினால், அது நேராகத் தேடுபொறிக்குப் போகாது. இவர்களுடைய சேவையகம் அதை வாங்கித் தன் முகவரியிலிருந்து கேட்கும். வருகிற சிறுபடங்களையும் அதுவே இறக்கித் தரும். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண், ஏனென்றால் படம் இருக்கும் தளத்திலிருந்து கைப்பேசி நேராக இறக்கினால் அதன் ஐபி முகவரி (இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்) அந்தத் தளத்துக்குத் தெரிந்துவிடும். இப்படி நடுவில் நிற்பதற்குத்தான், அந்தச் சேவையின் ஆவணத்தில் இட, தமிழ்ப் பெயர் தேடுகிறோம். வந்த சொற்களில் ஒன்று ‘பதிலாள்’.

> பதிலாள் வேண்டாம். ‘பதில்’ அரபிச் சொல், உருது வழியாக வந்தது. ‘தூது’ இருக்கிறதே! அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் போனது நம் தகடூரிலிருந்துதானே.

அரூர் ஐயா, தர்மபுரிக்காரனான எனக்கும் அந்த ஆசை உண்டு. தூது வடசொல் என்று காவேரிப்பட்டணத்து அக்கா சொல்ல, ‘தூ’ என்ற வேரிலிருந்து நீங்கள் இரண்டு பக்கம் எழுதினீர்கள். வேர் எதுவாகவும் இருக்கட்டும், பொருள் இடிக்கிறது. ஔவை அங்கே போய் அதியமானுக்காகப் பேசினார். அவன் வேல்கள் முனை சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்று அவன் போர்த்திறத்தை உணர்த்தினார். நம் சேவையகமோ யாருக்காகக் கேட்கிறது என்பதை மூச்சுவிடக் கூடாது.

‘மாற்றாள்’ தூய தமிழ்தான், ஆனால் அகராதியில் அது சக்களத்தி.

வகுப்பில் ‘பதிலாள்’ என்று எழுதிப் போட்டேன். “சார், அப்பாவுக்குக் காய்ச்சல்னா மாந்தோப்புக்குப் பதில் ஆள் அனுப்புவோமே, அதுவா?” என்றாள் ஒரு மாணவி. அதேதான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

> இயந்திரம் எப்படி ‘ஆள்’ ஆகும்? பதிலாளி எனலாமே.

இலங்கைப் பாடநூல்களில் ஆளி என்றால் சுவிட்ச். அந்தப் பிள்ளைகளும் இந்த ஆவணத்தைப் படிப்பார்கள், குழப்ப வேண்டாம்.

அக்கா, மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதை வைத்து நீங்கள் சொன்ன ‘துண்டுமறை’ எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அங்கே மறைவது விலை. வாங்குகிறவரும் விற்கிறவரும் நேருக்கு நேர்தான் நிற்கிறார்கள். நமக்கு மறைய வேண்டியது ஆள். யோசித்தால் அது குறியாக்கத்துக்கு (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவதற்கு) அப்படியே பொருந்துகிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

சரி, இதுவரை பெரும்பாலோர் ‘படப் பதிலாள்’ பக்கம். ஆவணத்தில் அதைத்தான் இடுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘இமேஜ் ப்ராக்ஸி’யும் கூட வரும். அரூர் ஐயா ஒப்பவில்லை, அவர் மறுப்பு இழையில் அப்படியே இருக்கட்டும். அனுப்பியவரைக் காட்டிக்கொடுக்காத தமிழ் வேர்ச்சொல் ஒன்று ஞாயிறு இரவுக்குள் வந்தால் கோப்பைத் திருத்தியே அனுப்புகிறேன்.