சாந்தோரினி: எர்த் படத்தை நம்பி நடைத் திட்டம் போடலாமா?

தேன்மொழி_க:
டிசம்பர் கடைசியில் கிரீஸின் சாந்தோரினி தீவில் இரண்டு நாள். கூட வருபவருக்கு முழங்கால் வலி. கூகுள் எர்த்தில் பார்த்தால் ஓயா ஊரும் அம்மூடி துறையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; காமாரியும் பெரிசாவும் பக்கத்துப் பக்கத்துக் கடற்கரை ஊர். நடந்துவிடலாமா? அஸ்தமனத்துக்கு ஓயாதானே?

கல்படி:
நேர்மேலிருந்து எடுத்த படம் உயரத்தை விழுங்கிவிடும். அம்மூடிக்கு இறங்க 300 படி வாக்கில் இருக்கிறது. முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். கீழே வரை கார் போகும் சாலை உண்டு, டாக்ஸி பிடியுங்கள்.

மற்ற வழிகளுக்கு, கணினியில் கூகுள் எர்த் புரோ போட்டு, பாதைக் கருவியால் ஒவ்வொரு திருப்பத்திலும் புள்ளி வைத்து வரையுங்கள். சேமித்தபின் இடப்பக்கப் பட்டியலில் அதன்மேல் வலது கிளிக் செய்தால் உயர வரைபடம் வரும். ஆனால் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு புள்ளி கொஞ்சம் நகர்ந்து பாறைச் சரிவில் விழுந்தாலும் கோடு ரம்பப்பல் மாதிரி எகிறும். அது நிஜ ஏற்றம் இல்லை. அதனால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தையும் பக்கத்தில் வையுங்கள். அதில் சிவப்பாக விட்டுவிட்டு வரும் கோடுதான் படிக்கட்டு. எர்த்தில் அதே இடம் சாதாரணச் சந்து போலத் தெரியும்.

பஸ்காரன்:
காமாரி–பெரிசா நடுவில் மேசா வூனோ மலை நிற்கிறது. படத்தைச் சாய்த்துப் பார்த்தால் உடனே புரியும். கடலோரமாகச் சாலை கிடையாது. பஸ் என்றால் தீவின் முக்கிய ஊரான ஃபிராவுக்கு வந்து மாற வேண்டும். குளிர்காலத்தில் பஸ்ஸும் குறைவு. ஒரு நாளுக்கு ஒரு கடற்கரை போதும்.

இன்னொன்று: ஃபிராவுக்கு நேர் கீழே தெரிவது பழைய துறை. ஏதென்ஸ் ஃபெர்ரி வருவது தெற்கே அத்தினியோஸுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு விடுதி போடுகிறவர்கள் நிறைய.

நிழல்கோடு:
அஸ்தமனத்துக்கு ஓயா என்பது கோடைக் கணக்கு. ஜூனில் சூரியன் வடமேற்கே கடலில் இறங்கும். டிசம்பரில் தென்மேற்கே போய்விடுவதால், ஓயாவிலிருந்து பார்த்தால் தெராசியா தீவுக்குப் பின்னால் மறையும். சாந்தோரினியின் தென்மேற்கு முனையில் அக்ரோதிரி கலங்கரை விளக்கம் இருக்கிறது, எதிரே திறந்த கடல், பக்கம் வரை சாலை.

எர்த் புரோவில் சூரியன் பொத்தானை அழுத்தி, நேரப்பட்டையை நகர்த்திச் சரிபாருங்கள். அமைப்பில் நேர மண்டலத்தை முதலில் கிரீஸுக்கு மாற்றுங்கள். இந்திய நேரத்திலேயே விட்டால் மூன்றரை மணி நேரம் பிசகும். அங்கே அந்த வாரத்தில் மாலை 5 மணி தாண்டியதுமே சூரியன் போய்விடும்.

தேன்மொழி_க:
அப்போ முதல் நாள் மாலை கலங்கரை விளக்கம், மறுநாள் ஓயா, அம்மூடிக்கு டாக்ஸி. ஃபிராவிலிருந்து ஓயா வரை விளிம்புப் பாதையில்?

கல்படி:
சுமார் 10 கி.மீ., மூன்று நான்கு மணி நேரம், வழியில் இமெரோவிக்லி ஊரைத் தாண்டினால் சரளை. அந்த முழங்காலோடு வேண்டாம்.