சிங்கப்பூர் தேக்கா (லிட்டில் இந்தியா) லைட்-அப்ல பிராக்கெட்டிங் எடுத்தவங்க வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

யீஷூன்காரன்:
தீபாவளி லைட்-அப் வந்தாச்சு, சிராங்கூன் ரோடு ஓரமெல்லாம் ட்ரைபாடா நிக்குது. புதுசா வந்தவங்களுக்கு: பிராக்கெட்டிங்னா ஒரே காட்சியை இருட்டா (மைனஸ் 2), நடுத்தரமா, வெளிச்சமா (ப்ளஸ் 2) மூணு ஃப்ரேம் எடுத்து, அப்புறம் சாஃப்ட்வேர்ல ஒண்ணா சேக்கறது (மெர்ஜ்). எல்லாரும் ப்ளஸ் 2 ஃப்ரேம் வெளிறிடுமோன்னுதான் கவலைப்படுறாங்க, ஆனா இங்க மேட்டரே இருட்டு ஃப்ரேம்லதான் இருக்கு. ரோட்டுக்கு மேல இருக்கற அலங்கார ஆர்ச் முழுக்க எல்இடி, நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால செகண்டுக்கு 100 தடவை மினுக்குற லைட் நிறைய உண்டு, கண்ணுக்குத் தெரியாது. மைனஸ் 2 ஃப்ரேமோட ஷட்டர் 1/250 செகண்டுக்குப் போயிடுச்சுன்னா ஆர்ச்ல இருக்கற மயில் தோகைல பாதி பல்பு செத்துப்போன மாதிரி விழும், மெர்ஜ் பண்றப்ப சாஃப்ட்வேர் லைட்டோட கலரை அந்த ஃப்ரேம்லேர்ந்துதான் எடுக்கும், அப்புறம் தோகை பூரா திட்டுத்திட்டா நிக்கும். நான் ஐஎஸ்ஓ (சென்சார் உணர்திறன்) 100, எஃப்/11 (லென்ஸ் துளை) வச்சு நடு ஃப்ரேம் 1/4 செகண்ட் வர்ற மாதிரி பாத்துக்குவேன், அப்ப இருட்டு ஃப்ரேமே 1/15, வெளிச்ச ஃப்ரேம் 1 செகண்ட், மினுக்கல் தொல்லையே இல்ல. வானம் நீலமா இருக்கறப்பவே முடிச்சிடுங்க, பூமத்திய ரேகை பக்கத்துல இருக்கோம், பொழுது சாஞ்சா கடகடன்னு இருட்டிடும்.

பொங்கோல்அக்கா:
அந்த 1 செகண்ட் ஃப்ரேம்ல பஸ் போனா என்ன பண்றீங்க தம்பி? டீகோஸ்ட் (நகர்றதோட பேய் நிழலை சாஃப்ட்வேர் அழிக்கறது) போட்டாலும் டபுள் டெக்கர் பேய் மாதிரி பாதி தெரியுது. சிக்னல் சிவப்புல நிக்கறப்பதான் நான் அமுக்குவேன், ரிமோட் இல்லாட்டி 2 செகண்ட் டைமர். பகல்ல சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் கோபுரத்துக்கு ட்ரைபாடே வேணாம், கன்டினியுவஸ்ல (விடாம தொடர்ந்து எடுக்கற மோட்) போட்டு 1/1000, 1/250, 1/60-னு மூணையும் ஒரே அமுக்கல்ல எடுத்துடலாம், கை லேசா ஆடினாலும் லைட்ரூம் சாஃப்ட்வேர் அலைன் பண்ணிடும். புறாதான் பிரச்சனை, ஒண்ணு பறந்தா படத்துல மூணா பறக்கும் 😄

ஜூரோங்பையன்:
மரினா பே பக்கம் ஹீலிக்ஸ் பிரிட்ஜ்ல (நடைபாலம்) ட்ரைபாட் வச்சவங்களுக்குத் தெரியும், ஜாகிங் போறவங்க நாலு பேர் சேந்து ஓடுனா பாலமே அதிரும், நீள எக்ஸ்போஷர் காலி. ஆள் குறையற வரைக்கும் நிக்கணும், வேற வழியில்ல. மரினா பே 8 மணி லேசர் ஷோவுக்கு பிராக்கெட்டிங் போடவே போடாதீங்க, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் லேசர் இடம் மாறிடும். ஷோவுக்கு முன்னாடியே பில்டிங்குக்கு மட்டும் பிராக்கெட் எடுத்து வச்சுக்கிட்டு, லேசரை தனியா ஒரு ரா ஷாட்ல (கேமரா பதப்படுத்தாத ஃபைல்) எடுத்து மேல ஒட்டிக்குவேன். இது கள்ள ஆட்டம்னு சிலர் சண்டைக்கு வருவாங்க, வரட்டும்லா.

யீஷூன்காரன்:
@பொங்கோல்அக்கா சிவப்பு சிக்னல் ஐடியா சூப்பர், நான் பஸ் லைட் கோடு வேணும்னா ப்ளஸ் 2-வை மட்டும் தனியா வச்சுக்குவேன், மெர்ஜ்ல சேக்கறதில்ல.