வீட்டுக்கு முதல் டிஜிட்டல் பியானோ: கீபோர்டில் வரும் வாசிப்பு பியானோவில் வரவில்லை, எதை வாங்குவது?

கேள்வி (கோட்டையூர்)

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷமாகக் கீபோர்டு கற்கிறாள். வீட்டில் இருப்பது 61 கட்டை உள்ள சாதாரணக் கீபோர்டு. போன மாதம் காரைக்குடியில் ஒரு பியானோ ஆசிரியை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவரிடம் தந்தி கட்டிய நிஜ பியானோ இருக்கிறது. வீட்டில் தடங்கல் இல்லாமல் வாசிக்கிற பாடத்தையே அங்கேயும் வாசித்தாள். பாதி ஸ்வரம் விழவே இல்லை. கட்டை கீழே போகிறது, சத்தம் வரவில்லை. மெதுவாக வாசிக்க வேண்டிய இடங்களில்தான் இது அதிகம். பஸ்ஸில் திரும்பும்போது அழுதுகொண்டே வந்தாள்.

டிஜிட்டல் பியானோ வாங்கச் சொல்லிவிட்டார் ஆசிரியை. ஸ்டாண்டு, பெடல் எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய் வரை எடுத்து வைத்திருக்கிறேன். மதுரையில் ஒரு கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்றில் 600 டோன் (ஒலி வகை), 200 தாளம், விளக்கு எரிகிற கட்டைகள். மற்றதில் மொத்தமே பத்து டோன், ஆனால் விலை அதைவிடக் கூடுதல். கடைக்காரர் முதலாவதைத்தான் எடுக்கச் சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை.

இன்னும் சில கவலைகள் இருக்கின்றன. எங்களுடையது பழைய வீடு. பட்டாலைக் கூடத்தில் பேசினால் வளவு (நடு முற்றம்) முழுக்கக் கேட்கும். மாமனார் மதியம் தூங்குவார். சாயங்காலம் சில நாள் கரண்ட் போகும். சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன், அவர் பிள்ளைகள் வாசித்த பழைய டிஜிட்டல் பியானோவைத் தருவதாகச் சொல்கிறார். அதை வாங்கிக்கொள்ளலாமா?

பதில் (மதுரை, பியானோ சொல்லித்தருகிறேன்)

முதலில் ஒன்று, உங்கள் மகள் வாசிப்பில் குறை இல்லை. அவள் விரல் இதுவரை சந்திக்காத ஒரு பொருளைச் சந்தித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிஜ பியானோவில் நாம் தந்தியைத் தொடுவதில்லை. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய ஒரு சுத்தியல் எழும்பி, கடைசிக் கொஞ்ச தூரம் தானாகவே பறந்துபோய்த் தந்தியில் அடிக்கிறது. அழுத்தும் வேகம் போதாவிட்டால் சுத்தியல் தந்தி வரை போகாமலே விழுந்துவிடும். கட்டை இறங்கியும் சத்தம் வராததற்குக் காரணம் இதுதான். உங்கள் கீபோர்டில் கட்டைக்கு அடியில் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான். அங்கே விரல் பட்டாலே ஒலிக்கும். அதனால் மோதிர விரலும் சுண்டு விரலும் வேலை செய்யாமலே இரண்டு வருஷம் தப்பித்துவிட்டன.

ஆகவே பெட்டியில் எழுதியிருப்பதைக் கவனமாகப் படியுங்கள். 'டச் சென்சிடிவ்' என்றால் அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும், ஆனால் கட்டையில் கனம் இருக்காது. 'செமி வெயிட்டட்' பாதிக் கிணறு. உங்களுக்கு வேண்டியது 'கிரேடட் ஹேமர்' அல்லது 'ஸ்கேல்டு ஹேமர்'. இதில் உள்ளே சிறிய சுத்தியல்களே இருக்கும். நிஜ பியானோ போலவே இடப்பக்கம் கனமாகவும் வலப்பக்கம் போகப்போக லேசாகவும் இருக்கும். 88 கட்டை முழுதும் வேண்டும்.

பத்து டோன் பியானோ ஏன் விலை கூடுதல் என்று கேட்டீர்கள். பணம் கட்டைக்குள் போயிருக்கிறது. 600 டோனில் உங்கள் மகள் தினமும் வாசிக்கப் போவது முதல் டோன் ஒன்றைத்தான். கடைக்காரர் சொன்னதை விட்டுவிடுங்கள்.

உங்கள் தொகையை ஒட்டி மூன்று பார்க்கலாம். யமஹா பி-145, 2023இல் வந்தது, பலரும் வைத்திருக்கும் பி-45க்கு அடுத்தது. கேசியோ சி.டி.பி-எஸ்110. ரோலண்ட் எஃப்.பி-10. மூன்றிலும் 88 கட்டை, மூன்றிலும் சுத்தியல் கனம் உண்டு. எனக்குக் கையில் அதிகம் பிடித்தது ரோலண்டின் கட்டை. மெதுவாக அழுத்தினால் நிஜ பியானோவில் வரும் சின்னத் தடுப்புக்கூட விரலில் தெரியும். ஆனால் ஸ்டாண்டு, ஸ்டூல் எல்லாம் சேர்த்தால் உங்கள் தொகையைத் தாண்டிவிடக்கூடும். யமஹாவிலும் கேசியோவிலும் ஒரே நேரத்தில் 64 ஸ்வரம் வரை ஒலிக்கும், ரோலண்டில் 96. ஸ்வரத்தை நீட்டும் பெடலை மிதித்தபடி நிறைய வாசித்தால்தான் அந்த எண்ணிக்கைக்கு வேலை. ஆரம்ப வருஷங்களுக்கு 64 தாராளம்.

கடைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒலியை முழுதும் குறைத்துவிட்டு, இடக்கோடியில் ஒரு கட்டை, வலக்கோடியில் ஒரு கட்டை அழுத்தச் சொல்லுங்கள். கனத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். அப்புறம் ஒலியை வைத்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக ஒரே ஸ்வரத்தைப் பத்து முறை. அன்று அவளை அழவைத்த அதே பகுதியையும் அங்கே வாசிக்கட்டும். டெமோ பாட்டைப் போட்டுக் காட்ட வருவார்கள், அதில் நேரத்தை விடாதீர்கள்.

ஒரு கேள்வி: இடக்கையில் என்ன வாசிக்கிறாள்? தேர்வு எழுதுகிறாளா?

கேள்வி கேட்டவர்

டீச்சர், ரொம்ப நன்றி. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில் கீபோர்டில் இரண்டு கிரேடு முடித்திருக்கிறாள். இடக்கையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) மட்டும் பிடிப்பாள். தாளம் அதுவே ஓடும்.

பதில் (மதுரை)

நினைத்தேன். டிரினிட்டியில் பியானோவும் எலக்ட்ரானிக் கீபோர்டும் தனித்தனிப் பாடத்திட்டம். கீபோர்டில் இரண்டாம் கிரேடு முடித்தவள் பியானோவில் நேரே மூன்றாம் கிரேடுக்குப் போனால் திணறுவாள். பியானோவில் இடக்கை கார்டு பிடித்துக்கொண்டு நிற்காது, தனியாக ஒரு பாட்டே வாசிக்கும். அதற்கு பாஸ் கிளெஃப், அதாவது தாழ்ந்த ஸ்வரங்களை எழுதும் முறை, படிக்கத் தெரிய வேண்டும். ஆறு மாதம் சின்னச் சின்னப் பாடங்களாகத் தேர்வு இல்லாமல் வாசிக்கவிடச் சொல்லி ஆசிரியையிடம் பேசிப் பாருங்கள். தாளம் தானாக ஓடுகிற பெட்டியை மறுபடி வாங்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதில் (தேவகோட்டை)

ஆச்சி, வீட்டுக் கதையை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பெரிய ஐயா காலத்து நிஜ பியானோ ஒன்று இருந்தது. தந்தி துருப்பிடித்து, உள்ளே இருந்த கம்பளியைப் பூச்சி அரித்து, கடைசியில் மேலே போட்டோ வைக்கத்தான் ஆயிற்று. சுருதி சேர்க்க ஆள் கிடைக்கவில்லை. டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை, சுருதி அப்படியே நிற்கும். நம் ஊருக்கு இதுதான் சரி.

வைக்கும் இடம் முக்கியம். பட்டாலை அழகாக இருக்கும், ஆனால் தூக்கலான கூரை, வழுவழு சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் எல்லாம் சேர்ந்து ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கும். ஒவ்வொரு ஸ்வரமும் பெடல் மிதித்தது போல நீளும், பிள்ளைக்குத் தன் தப்பே காதில் விழாது. வளவை ஒட்டிய உள்ளறை ஒன்றில் வையுங்கள். கீழே ஒரு ஜமக்காளம், ஒரு பக்கம் கனமான திரைச்சீலை, துணி அடுக்கிய பீரோ இருந்தால் இன்னும் நல்லது. வளவு ஓரத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழையில் சாரல் உள்ளே அடிக்கும், சித்திரையில் வெயில் நேராக விழும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணி போட்டு மூடுங்கள், தூசிதான் இதற்கு எமன்.

கரண்ட் போகும் என்றால் கேசியோவை யோசியுங்கள். அந்த சி.டி.பி-எஸ்110 ஆறு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். மற்ற இரண்டும் அடாப்டரில்தான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் எதுவானாலும் கவலையில்லை, இவை இழுக்கும் கரண்ட் ஒரு எல்.இ.டி. பல்பு அளவுதான். ஐயா தூக்கத்துக்கு ஹெட்போன் போதும், சொருகினால் ஸ்பீக்கர் நின்றுவிடும்.

பதில் (சிங்கப்பூரில் இருந்து திரும்பியவன், பள்ளத்தூர்)

அண்ணன் தருவதை உடனே மறுக்க வேண்டாம், மாடல் பெயரை முதலில் கேளுங்கள். 88 கட்டையும் சுத்தியல் கனமும் இருந்தால் பத்து வருஷப் பழசுகூட நல்லதுதான். மின்சாரத்தில் பிரச்சினை இல்லை. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், பிளக் மட்டும் மாற வேண்டும்.

வீடியோ காலில் ஒவ்வொரு கட்டையாக, ஒரே அளவு அழுத்தி 88ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒன்று மட்டும் திடீரென்று உரக்கக் கத்தினாலோ, அமுங்கினாலோ, அடியில் உள்ள ரப்பர் தொடுமுனை தேய்ந்திருக்கிறது அல்லது தூசி பிடித்திருக்கிறது. டொக் டொக் என்று மரத்தில் தட்டுகிற சத்தம் வந்தால் கம்பளித்துண்டு நசுங்கிவிட்டது. இரண்டையும் சரிசெய்யலாம், ஆனால் முழுதும் பிரிக்க வேண்டும். இங்கே அந்த மாடலுக்கு சர்வீஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நீளம் 130 சென்டிமீட்டர் இருக்கும். எடை 11, 12 கிலோதான் என்றாலும் விமானத்தில் அளவு மீறிய சாமானாகக் கணக்காகும். நான் கொண்டுவந்தபோது கட்டணம் என்னைக் கலங்கடித்தது.

கேள்வி கேட்டவர் (இரண்டு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் இருந்தது 76 கட்டை, கனம் இல்லாதது. விட்டுவிட்டோம். மதுரையில் டீச்சர் சொன்னபடியே மூன்றையும் வாசித்துப் பார்த்தோம். அவளுக்கும் ரோலண்ட்தான் பிடித்தது, ஆனால் தொகை எட்டவில்லை. மீதி இரண்டில் யமஹாவில் அந்தப் பகுதி நன்றாக விழுந்தது, அதை எடுத்துவிட்டோம். இன்வெர்ட்டர் இருப்பதால் பேட்டரியை நினைக்கவில்லை.

வந்த பிறகு மூன்று தொல்லை. ஒன்று, சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அதுவே அணைந்துவிடுகிறது. இரண்டு, பெடல் கல் தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது. மூன்று, இன்று காலையிலிருந்து பெடலை மிதிக்காமலே எல்லா ஸ்வரமும் இழுத்துக்கொண்டே ஒலிக்கிறது. மிதித்தால் நிற்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

பதில் (மதுரை)

கெடவில்லை. பியானோவை ஆன் செய்யும்போது காலோ வேறு ஏதாவதோ பெடலை அழுத்திக்கொண்டிருந்திருக்கும். அது ஆன் ஆகும் நொடியில் இருக்கும் நிலையைத்தான் 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். அணைத்துவிட்டு, பெடலைத் தொடாமல் மறுபடி ஆன் செய்யுங்கள்.

அணைவது மின்சாரம் மிச்சப்படுத்தும் ஏற்பாடு. யமஹாவில் 30 நிமிஷம் சும்மா இருந்தால் அணையும். இடக்கோடிக் கட்டையை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் அந்த ஏற்பாடு விலகும்.

பெட்டியோடு வரும் சின்னப் பெடல் வழுக்கத்தான் செய்யும். அடியில் ரப்பர் மிதியடி போட்டு, அதன் விளிம்பைச் சுவரோடு முட்டுக்கொடுங்கள். பிறகு பணம் இருக்கும்போது எஃப்.சி.3ஏ என்ற கனமான பெடல் வாங்கினால் பாதி மிதிப்பதும் பழகும். கால் தரைக்கு எட்டாவிட்டால் மணை ஒன்றைப் போடுங்கள், தொங்கும் காலோடு வாசித்தால் முதுகு வளையும். முழங்கை கட்டை உயரத்துக்கு வரும்படி ஸ்டூலை ஏற்றுங்கள்.

'டச்' அமைப்பை 'சாஃப்ட்' என்று மாற்ற அவள் ஆசைப்படுவாள், விடாதீர்கள். மாற்றினால் பழைய கீபோர்டையே மறுபடி வாங்கியது போல ஆகிவிடும். முதல் மாதம் ஒரே மூச்சில் பத்து நிமிஷம், ஒரு நாளில் மூன்று வேளை. கை வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

பெடல் சரியாகிவிட்டது டீச்சர். மணையும் போட்டாயிற்று, அப்பத்தா பூஜைக்கு வைத்திருந்ததை அவரே எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை காரைக்குடி போய் நிஜ பியானோவில் வாசித்தாள். மூன்று இடத்தில் மட்டும் விழவில்லை, மூன்றும் இடக்கைச் சுண்டு விரல். வரும் வழியில் அந்த மூன்றையும் புத்தகத்தில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு வந்தாள்.